டார்ச் பேனலில் ஹெர்பிஸ்: மூன்று லேப், மூன்று முடிவு. எதை நம்புவது?

வைகைக்கரை

மனைவிக்கு இது முதல் கர்ப்பம், 14-வது வாரம் நடக்கிறது. 9-வது வாரத்தில் எழுதிக்கொடுத்த டார்ச் பேனலில் (கருவைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளைத் தேடும் ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு) ஹெர்பிஸ் பாசிட்டிவ் என்று வந்தது. அன்றிலிருந்து ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ரிப்போர்ட்டில் இருப்பதை அப்படியே போடுகிறேன். ஹெச்எஸ்வி என்பது ஹெர்பிஸ் வைரஸ், 1, 2 என்று இரண்டு வகை. ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் அதற்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருள்கள்.

முதல் லேப், 9-வது வாரம், டார்ச் பேனல்:
ஹெச்எஸ்வி 1+2 ஐஜிஎம்: 1.32, பாசிட்டிவ் (1.1-க்கு மேல் பாசிட்டிவ் என்று அச்சாகியிருக்கிறது)
ஹெச்எஸ்வி 1+2 ஐஜிஜி: 30-க்கு மேல், பாசிட்டிவ்

இரண்டாவது லேப், 11-வது வாரம், வகை பிரித்து:
ஹெச்எஸ்வி-1 ஐஜிஜி: 28.4, பாசிட்டிவ்
ஹெச்எஸ்வி-2 ஐஜிஜி: 1.62, பாசிட்டிவ்

மூன்றாவது லேப், 13-வது வாரம்:
ஐஜிஎம்: நெகட்டிவ்
ஹெச்எஸ்வி-1 ஐஜிஜி: பாசிட்டிவ்
ஹெச்எஸ்வி-2 ஐஜிஜி: 0.74, நெகட்டிவ்

அதே மூன்றாவது லேபில் எனக்கும் பார்த்தோம். ஹெச்எஸ்வி-1 பாசிட்டிவ், ஹெச்எஸ்வி-2 0.12 நெகட்டிவ்.

மனைவிக்குப் பிறப்புறுப்பில் இதுவரை புண்ணோ கொப்புளமோ வந்ததில்லை. சின்ன வயதிலிருந்தே காய்ச்சல் அடித்தால் மட்டும் உதட்டோரம் பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பும், ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். கல்யாணமாகி மூன்று வருஷம். இருவருக்கும் வேறு தொடர்பு இல்லை.

ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் தொற்று இப்போதுதான் வந்தது என்று அர்த்தமா? 1.62, 0.74 இரண்டில் எது சரி? எனக்கு இல்லாதது அவளுக்கு எப்படி வரும் என்று வீட்டில் பேச்சு எழுகிறது, அதற்கு என்ன பதில்? முதலில் பார்த்த டாக்டர் பத்து நாளைக்கு அசைக்ளோவிர் என்ற ஹெர்பிஸ் மருந்தை எழுதியிருக்கிறார், இன்னும் ஆரம்பிக்கவில்லை. உறவில் ஒருவர் "இந்தக் கருவை வைத்துக்கொள்ளலாமான்னு கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நுண்ணோக்கி

கருவைப் பற்றிய பேச்சை முதலில் முடித்துவிடுவோம். ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனையில் எந்த எண் வந்தாலும் அது கருவைக் கலைப்பதற்குக் காரணம் ஆகாது. பிறந்த குழந்தைக்கு ஹெர்பிஸ் வருவது அரிது. அப்படி வருவதிலும் சுமார் 85% பிரசவ நேரத்தில் தொற்றுவது, சுமார் 10% பிறந்த பிறகு தொற்றுவது. வயிற்றுக்குள் இருக்கும்போதே தொற்றுவது 5% அளவுதான். இதை இன்றைக்கே உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.

இனி ரிப்போர்ட். மூன்று லேபும் மூன்று விதமாகச் சொல்வதாகத் தோன்றுகிறது. உண்மையில் முதல் லேப் தேடிய பொருளே வேறு.

ஐஜிஎம்: மற்ற பல தொற்றுகளில் ஐஜிஎம் இருந்தால் புதுத் தொற்று என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஹெர்பிஸில் அந்தக் கணக்கு செல்லாது. இந்த வைரஸ் நரம்பு முடிச்சில் ஆயுள் முழுக்கத் தங்கியிருந்து அவ்வப்போது விழிக்கும். விழிக்கும்போதெல்லாம் சிலருக்கு ஐஜிஎம் மறுபடி எழும். சின்ன வயதில் தொற்றியவருக்கு இன்றைக்கு உதட்டில் ஒரு கொப்புளம் வந்தாலும் ஐஜிஎம் பாசிட்டிவ் காட்டலாம். கொப்புளமே வராமலும் காட்டலாம். அதற்கு மேல், ஐஜிஎம் சோதனைக்கு 1, 2 என்று வகை பிரிக்கத் தெரியாது. வேறு வைரஸ்களுக்கான எதிர்ப்பொருளும் முடக்குவாதக் காரணியும்கூட அதில் ஒட்டிக்கொண்டு பாசிட்டிவ் காட்டும். அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் 2021 பால்வினை நோய் வழிகாட்டுதல் ஹெர்பிஸுக்கு ஐஜிஎம் பார்க்கவே வேண்டாம் என்று சொல்கிறது. ஆகவே 9-வது வாரம் பாசிட்டிவ், 13-வது வாரம் நெகட்டிவ் என்பதில் தொற்று வந்து போன கதை எதுவும் இல்லை. அந்த இரண்டு வரிகளையும் அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

ஹெச்எஸ்வி 1+2 ஐஜிஜி: இரண்டு வகைக்கும் மரபணுத் தொடரில் ஒற்றுமை மிக அதிகம். முழு வைரஸையும் அரைத்துப் பூசிய பரிசோதனைக் கிட்டில் இரண்டும் அண்ணன் தம்பி முகச்சாயல்போலத்தான் தெரியும், யார் வந்தது என்று சொல்ல முடியாது. இங்கே யார் என்பதை இரண்டாவது, மூன்றாவது லேப் இரண்டுமே ஒரே குரலில் சொல்லிவிட்டன: ஹெச்எஸ்வி-1. சின்ன வயதிலிருந்து காய்ச்சலுக்கு உதட்டில் கொப்புளம் வருகிறது என்ற விவரமும் அதோடு பொருந்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி 50 வயதுக்குட்பட்டவர்களில் 64% பேருக்கு, அதாவது சுமார் 380 கோடிப் பேருக்கு, ஹெச்எஸ்வி-1 உண்டு. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் முத்தத்திலும் எச்சிலிலும் வருவது. உங்களுக்கும் அதேதான். இதில் ஒளித்துப் பேச எதுவும் இல்லை.

ஆக, முரண்பாடு என்று மிஞ்சுவது ஒன்றே ஒன்று: பெரும்பாலும் உடலுறவில் தொற்றிப் பிறப்புறுப்பில் வரும் ஹெச்எஸ்வி-2, 1.62-ஆ 0.74-ஆ.

வகை பிரிக்கும் சோதனைகள் கிளைகோபுரோட்டீன் ஜி என்ற ஒரே புரதத்தைத் தேடுகின்றன. வகை 1-க்கு ஜிஜி-1, வகை 2-க்கு ஜிஜி-2. இந்தப் புரதத்தில்தான் இரண்டும் நன்றாக வேறுபடும். அப்படியும் மிகச் சிலரின் ரத்தத்தில் வேறு எதற்காகவோ உருவான எதிர்ப்பொருள் ஜிஜி-2 மீது லேசாக ஒட்டும். அப்போது எண் 1.1-ஐத் தாண்டும், ஆனால் வெகுதூரம் போகாது. இந்த வகைச் சோதனைகளில் பொதுவாக 0.9-க்குக் கீழ் நெகட்டிவ், 0.9 முதல் 1.09 வரை இரண்டுங்கெட்டான், 1.1-லிருந்து பாசிட்டிவ் என்று அச்சிடுவார்கள். 1.1-க்கும் 3.0-க்கும் இடைப்பட்ட பாசிட்டிவ்களில்தான் தவறு குவிந்து கிடக்கிறது. சிடிசி வழிகாட்டுதல் எடுத்துக்காட்டும் ஆய்வில், ஹெர்ப்செலக்ட் என்ற எலிசா கிட்டை (எலிசா என்பது எதிர்ப்பொருளைத் தேடும் ஒரு முறை) அதைவிட நுணுக்கமான வெஸ்டர்ன் ப்ளாட் சோதனையோடு ஒப்பிட்டார்கள். 1.1 முதல் 2.9 வரையான எண்ணில் அதன் ஸ்பெசிஃபிசிட்டி, அதாவது தொற்று இல்லாதவரை இல்லை என்று சரியாகச் சொல்லும் விகிதம், 39.8%. 3.0-க்கு மேல் போனால் 78.6%. 1.62 எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். அந்த வழிகாட்டுதல் 3.0-க்குக் கீழான பாசிட்டிவை இன்னொரு முறையில் உறுதிப்படுத்தாமல் நோய் என்று முடிவுகட்டாதே என்கிறது.

கிட் நல்லதாகவே இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. 1000 கர்ப்பிணிகளுக்கு ஒரு அறிகுறியும் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்கிறோம், அவர்களில் 50 பேருக்கு உண்மையில் ஹெச்எஸ்வி-2 இருக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். சோதனை இரு பக்கமும் 95% சரி. அந்த 50 பேரில் 47 அல்லது 48 பேருக்குச் சரியாகப் பாசிட்டிவ் வரும். மீதி 950 பேரில் 5%, அதாவது இன்னொரு 47 அல்லது 48 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் தாள் வாங்கியவர்களில் சரிபாதிப் பேருக்கு நோயே இல்லை. 50-க்குப் பதில் 20 பேருக்குத்தான் நோய் என்றால் 19 சரி, 49 தவறு. அறிகுறி இல்லாதவர்களுக்கு, கர்ப்பிணிகள் உட்பட, இந்த ரத்தச் சோதனையைச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2016-லும் மறுபடி 2023-லும் சொன்னதற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

எல்லாம் சேர்த்து என் கணிப்பு: ஹெச்எஸ்வி-1 உண்மை, பழையது. ஹெச்எஸ்வி-2 பெரும்பாலும் இல்லை, 1.62 தவறான பாசிட்டிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

உங்கள் வீட்டுப் பேச்சுக்கு: ஒருவேளை 1.62 உண்மையாகவே இருந்தாலும், அது எப்போது தொற்றியது என்று ஐஜிஜி சொல்லாது. ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாமல் பல வருஷம் வாழும் தம்பதிகள் நிறையப் பேர் உண்டு. யாருடைய நடத்தைக்கும் இந்தத் தாளைச் சாட்சியாக வைப்பது அநியாயம்.

கலெக்‌ஷன் சென்டர்

நுண்ணோக்கி சொன்னதோடு லேப் பக்கத்து விஷயம் சில. சகோ, இரண்டாவது லேபுக்கும் மூன்றாவது லேபுக்கும் போன் போட்டு இவற்றைக் கேளுங்கள். கேட்டால் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

எந்தக் கிட், எந்த முறை: சிஎல்ஐஏவா (எதிர்ப்பொருளை ஒளியை அளந்து கண்டுபிடிக்கும் மெஷின் முறை) எலிசாவா. ரிப்போர்ட்டின் அடியில் 'மெத்தட்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைவிட முக்கியம், கிட்டில் பூசியிருக்கும் ஆன்டிஜென் (எதிர்ப்பொருள் வந்து ஒட்டும் வைரஸ் பொருள்) எது என்பது. 'ரீகாம்பினன்ட் ஜிஜி-2' (ஆய்வகத்தில் தனியாக உருவாக்கிய ஜிஜி-2) என்றால் சரி. 'வைரல் லைசேட்', 'பியூரிஃபைட் வைரஸ்' என்று, அதாவது முழு வைரஸ் என்று, கிட்டோடு வரும் தாளில் இருந்தால், பெயர் ஹெச்எஸ்வி-2 ஐஜிஜி என்று இருந்தாலும் அது வகை பிரிக்காது. ஹெச்எஸ்வி-1 உள்ளவர் எல்லோருக்கும் அதில் 2-உம் பாசிட்டிவாக வரலாம், அதுவும் பெரிய எண்ணாகவே வரலாம். கவுன்டரில் இருப்பவருக்கு இது தெரியாது. டெக்னிக்கல் சூப்பர்வைசரையோ ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட மைக்ரோபயாலஜிஸ்ட்டையோ கேளுங்கள்.

அடுத்து யூனிட். ஒரு லேப் இன்டெக்ஸ் (கட்-ஆஃப், அதாவது பாசிட்டிவ் எல்லையோடு ஒப்பிட்ட விகிதம்) போடும், ஒரு லேப் ஆர்யூ/மில்லி போடும், இன்னொன்று ஏயூ/மில்லி. 20 என்ற எண் ஒரு கிட்டில் பெரிய பாசிட்டிவ், இன்னொரு கிட்டில் கட்-ஆஃப் பக்கத்திலேயே நிற்கும் எண். அதனால் 1.62 இரண்டு வாரத்தில் 0.74-ஆகக் குறைந்தது என்று படிக்கக்கூடாது. வேறு கிட், வேறு அளவுகோல். நுண்ணோக்கி சொன்ன 3.0 எல்லையும் இன்டெக்ஸ் போடும் கிட்டுக்குத்தான், அதை ஆர்யூ ரிப்போர்ட்டில் பொருத்திப் பார்த்துவிடாதீர்கள். எண் பெரியதாக இருந்தால் நோய் கடுமை, சின்னதாக இருந்தால் லேசு என்பதும் கிடையாது. 28.4 என்பதற்கு அர்த்தம், பாசிட்டிவ் என்பதில் சந்தேகமில்லை என்பது மட்டும்தான்.

நிறையப் பேர் செய்யும் ஒரு காரியம்: சந்தேகம் வந்ததும் அதே லேபில், அதே கிட்டில் அடுத்த நாளே திரும்பக் கொடுப்பது. தப்பாக ஒட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் அப்படியேதான் இருக்கும், அதே கிட் அதே தப்பை மறுபடி காட்டும். "ரெண்டு தடவையும் பாசிட்டிவ், அப்போ உறுதி" என்று ஆகிவிடும். உறுதிப்படுத்துவதற்கு என்றால் வேறு கம்பெனியின் ஜிஜி-2 கிட் வேண்டும். கிளைச் சென்டர்கள் சாம்பிளை ஒரே மெயின் லேபுக்கு அனுப்புவதும் உண்டு. போர்டு வேறாக இருக்கும், மெஷின் ஒன்றாக இருக்கும். அதையும் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, முடி கொட்டுவதற்குப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறார்களா? கடையில் கிடைப்பது பெரும்பாலும் 5 அல்லது 10 மில்லிகிராம். சில சிஎல்ஐஏ மெஷின்கள் பயோட்டின்–ஸ்ட்ரெப்டவிடின் பிணைப்பை வைத்து வேலை செய்பவை. ரத்தத்தில் பயோட்டின் அதிகமானால் அவற்றில் முடிவு தவறிப்போகும், பாசிட்டிவே நெகட்டிவாகத் தெரியலாம். எல்லா மெஷினுக்கும் இந்தக் கோளாறு கிடையாது. சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லி, இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுப்பது நல்லது.

தாய்சேய்

தம்பி, பிரசவ மருத்துவத்தின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கர்ப்பம் என்றதும் டார்ச் பேனலை எல்லோருக்கும் எழுதும் பழக்கம் நம் ஊரில் போகவில்லை. அந்தப் பேனலில் வரும் ஹெர்பிஸ் வரியால் கர்ப்பிணிக்கு நன்மை கிடைப்பதை விடப் பயம் கிடைப்பதே அதிகம். திரும்பத் திரும்பக் கரு கலைவதற்கும் இதைக் காரணமாகக் காட்டுவார்கள், அது ஏற்கத்தக்கதல்ல.

ஹெர்பிஸில் கர்ப்பிணிக்கு உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் ரிப்போர்ட் தன்னால் அதன் இடத்துக்குப் போய்விடும். இதுவரை வைரஸே தொடாத ஒரு பெண்ணுக்குக் கடைசி மூன்று மாதத்தில் பிறப்புறுப்பில் முதன்முறையாகத் தொற்றினால், பிரசவத்தில் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 30 முதல் 50% வரை. தாயின் உடம்பு எதிர்ப்பொருள் உருவாக்கி அதைக் குழந்தைக்குக் கொடுக்க நேரம் போதாது. பழைய தொற்று உள்ளவருக்கும், கர்ப்பத்தின் முதல் பாதியில் தொற்றியவருக்கும் அந்த வாய்ப்பு 1%-க்கும் கீழ். அதாவது 1.62 உண்மையாகவே இருந்தாலும் உங்கள் மனைவி ஆபத்து குறைந்த பக்கத்தில்தான் இருக்கிறார். இந்த ஒரு விஷயத்தை எழுதிக் கதவில் ஒட்டிவைத்தாலும் தகும்.

அசைக்ளோவிர்: ரத்த ரிப்போர்ட்டுக்காக மட்டும், புண் எதுவும் இல்லாமல், 14-வது வாரத்தில் பத்து நாள் சாப்பிட்டு ஆகப்போவது எதுவும் இல்லை. நரம்பில் உறங்கும் வைரஸை அது அழிக்காது, ஐஜிஜியை நெகட்டிவாக்கவும் செய்யாது. எழுதிக்கொடுத்தவரிடமே "புண் இல்லை, வகை பிரித்த ரிப்போர்ட் இது, அப்படியும் தேவையா" என்று தாளைக் காட்டிக் கேளுங்கள். இதைப் படிக்கும் யாராவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் பயப்பட வேண்டாம். கர்ப்பத்தில் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் மருந்து அது.

மருந்துக்கு இடம் வருவது 36-வது வாரத்தில். பிறப்புறுப்பு ஹெர்பிஸ் இருப்பது உறுதியான பெண்ணுக்கு அப்போதிலிருந்து பிரசவம் வரை அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் தினம் மூன்று வேளை, அல்லது வாலசைக்ளோவிர் 500 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை கொடுப்பது வழக்கம். பிரசவ நேரத்தில் புண் தலைகாட்டி சிசேரியன் தேவைப்படுவதைக் குறைக்க அது உதவும். வலி எடுத்து வரும்போது வெளியுறுப்பு, யோனி, கருப்பை வாய் எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். புண் இருந்தாலோ, புண் வரப்போவதற்கான எரிச்சலும் குத்தலும் இருந்தாலோ சிசேரியன். எதுவும் இல்லையென்றால் சுகப்பிரசவம். ரத்தத்தில் பாசிட்டிவ் என்பதற்காக மட்டும் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை. உங்கள் மனைவிக்குப் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் உறுதியாகவில்லை, ஆகவே 36-வது வார முடிவை உங்கள் மகப்பேறு மருத்துவர் அப்போதைய நிலவரம் பார்த்து எடுக்கட்டும். இந்த மூன்று ரிப்போர்ட்டையும் தேதி வரிசையில் பின் போட்டு ஃபைலிலேயே வையுங்கள். பிரசவ வார்டில் நடு இரவில் புதிதாகப் பார்க்கும் டாக்டர் "டார்ச் பாசிட்டிவ்" என்ற ஒரு வரியை மட்டும் படித்துவிடக்கூடாது.

வைகைக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கருவைப் பற்றி நுண்ணோக்கி எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன்.

லேபில் கேட்டுவிட்டேன். இரண்டாவது லேப் சிஎல்ஐஏ, மூன்றாவது எலிசா. இரண்டுமே ஜிஜி-2 என்கிறார்கள், கம்பெனி வேறு வேறு, இரண்டிலும் இன்டெக்ஸ்தான். பயோட்டின் மாத்திரையைக் கர்ப்பம் தெரிந்த அன்றே நிறுத்திவிட்டாள். இனி வேறு ஏதாவது பரிசோதனை செய்ய வேண்டுமா? இணையத்தில் வெஸ்டர்ன் ப்ளாட் என்று படித்தேன். ரத்தத்திலேயே பிசிஆர் (வைரஸின் மரபணுவையே தேடும் சோதனை) பார்த்தால் தெளிவாகிவிடும் என்று ஒருவர் சொன்னார்.

நுண்ணோக்கி

ரத்தத்தில் பிசிஆர் வேண்டாம். ஹெர்பிஸ் வைரஸ் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருப்பதில்லை, நரம்பு முடிச்சில் கிடக்கும். அறிகுறி இல்லாதவருக்கு ரத்த பிசிஆர் நெகட்டிவ் என்று வந்தால் அதிலிருந்து எதுவும் தெரியாது. பிசிஆர் புண்ணுக்கு உரியது.

வெஸ்டர்ன் ப்ளாட் இந்த விவகாரத்தில் கடைசி நீதிமன்றம் மாதிரி. ஒரே புரதத்தைப் பார்க்காமல் வைரஸின் பல புரதங்களையும் அளவு வாரியாகப் பிரித்து, எதிர்ப்பொருள் எந்தெந்தப் பட்டையில் ஒட்டுகிறது என்று மொத்த வரிசையையும் படிப்பார்கள். அதைச் செய்வது சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வகம். இங்கிருந்து சீரத்தை அனுப்புவது பெரிய அலைச்சல். பயோகிட் என்று ஒரு விரைவுச் சோதனையையும் உறுதிப்படுத்தப் பயன்படுத்தலாம் என்று சிடிசி சொல்கிறது. ஒரு எச்சரிக்கை: 'இம்யூனோப்ளாட்' என்று யாராவது செய்து தந்தால் அதுவும் வெஸ்டர்ன் ப்ளாட்டும் ஒன்று என்று நினைக்காதீர்கள். ஹெர்ப்செலக்ட் இம்யூனோப்ளாட்டில் இருப்பது அதன் எலிசாவில் உள்ள அதே ஆன்டிஜென்தான், அதனால் உறுதிப்படுத்த அதைப் பயன்படுத்தக்கூடாது என்று வழிகாட்டுதலே சொல்கிறது.

உங்கள் விஷயத்தில் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வேறு கம்பெனியின் ஜிஜி-2 கிட் ஏற்கெனவே நெகட்டிவ் சொல்லிவிட்டது. மனசு ஆறவில்லை என்றால் ஒன்று செய்யலாம். இரண்டாவது லேபில், அதே மெஷினில், அங்கே 11-வது வாரத்தில் கொடுத்த சாம்பிளிலிருந்து 12 வாரம் கழித்து, அதாவது 23-வது வாரத்தில் ஹெச்எஸ்வி-2 ஐஜிஜி மட்டும் ஒருமுறை பாருங்கள். மறுநாளே அதே கிட்டில் பார்ப்பதில் பயனில்லை என்று மேலே கலெக்‌ஷன் சென்டர் சொன்னது சரி. இங்கே தேடுவது வேறு: எண் ஏறுகிறதா என்பது. புதுத் தொற்றாக இருந்திருந்தால் எதிர்ப்பொருள் முதிர்ந்து இன்டெக்ஸ் நன்றாக மேலே போகும், பெரும்பாலும் 3-ஐத் தாண்டிவிடும். 1.4, 1.7 என்று அங்கேயே ஊசலாடினால் அது தவறான ஒட்டுதல் என்ற பக்கம் எடை கூடும். அதற்குப் பிறகு இந்தச் சோதனையை நிறுத்திவிடுங்கள். இன்னும் நான்கு லேப் ஏறினால் இன்னும் நான்கு எண் கிடைக்கும், அவ்வளவுதான்.

புதுத் தொடர்பு ஏற்பட்ட பிறகு பரிசோதிக்கும் மற்றவர்களுக்காக: ஐஜிஜி உருவாகப் பலருக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். 12 வாரம் ஆகும் முன் வரும் நெகட்டிவை இறுதி என்று எடுக்க முடியாது. ஹெச்எஸ்வி-1 பக்கம் தவறு வேறு திசையில் வரும். அதே ஹெர்ப்செலக்டின் ஹெச்எஸ்வி-1 சோதனை உண்மையாகத் தொற்றுள்ளவர்களில் சுமார் 70% பேரைத்தான் பிடித்தது. உதட்டில் தெளிவாகக் கொப்புளம் வரும் ஒருவருக்கு ஹெச்எஸ்வி-1 நெகட்டிவ் என்று தாள் வந்தால், உதட்டை நம்புங்கள்.

கலெக்‌ஷன் சென்டர்

எப்போதாவது சந்தேகமான கொப்புளம் வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புண்ணிலிருந்து பஞ்சுக்குச்சி மாதிரியான ஒன்றால் எடுக்கும் அந்த ஸ்வாப்பை ஒழுங்காக எடுத்தால் பத்து ரத்தப் பரிசோதனைக்குச் சமம்.

முடிந்தவரை முதல் 48 மணி நேரத்துக்குள் போக வேண்டும். பக்கு கட்டிவிட்டால் வைரஸ் குறைந்துவிடும். போகும்வரை ஆயின்மென்ட், டெட்டால், மஞ்சள் எதையும் தடவக்கூடாது. கொப்புளம் உடையாமல் இருந்தால் ஸ்டெரைல் ஊசியால் மேல்தோலைத் திறந்து, ஸ்வாப்பைப் புண்ணின் அடித்தளத்தில் அழுத்தி உருட்டி எடுக்க வேண்டும். அடியில் இருக்கும் செல்களில்தான் வைரஸ் இருக்கிறது, மேலே ஊறும் நீரைத் தொட்டுக்கொண்டு வந்தால் போதாது. வலிக்கும், முன்பே சொல்லிவிட்டு எடுப்பது நல்லது. பிளாஸ்டிக் தண்டுள்ள பாலியெஸ்டர் அல்லது ஃப்ளாக்டு ஸ்வாப்தான் வேண்டும். மரக்குச்சி, கால்சியம் ஆல்ஜினேட் ஸ்வாப் கூடாது. விடிஎம் (வைரஸ் கெடாமல் கொண்டுபோகும் திரவம்) டியூபில் போட்டு ஐஸ் பேக்கோடு, 2 முதல் 8 டிகிரியில் அனுப்ப வேண்டும். ரிக்விசிஷனில் (பரிசோதனைக்கு எழுதும் சீட்டில்) 'ஹெச்எஸ்வி 1/2 பிசிஆர், வகை பிரித்து, புண் ஸ்வாப்' என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள். வெறும் 'ஹெர்பிஸ் பிசிஆர்' என்று எழுதினால் ரத்தம் எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

தோல் ஓபியில் கண்ணாடித் தகட்டில் தேய்த்து சாங்க் ஸ்மியர் பார்ப்பார்கள். அதில் ராட்சத செல் தெரிந்தால் ஹெர்பிஸ் குடும்பம் என்று மட்டும்தான் தெரியும். 1-ஆ, 2-ஆ, அக்கியா என்று பிரிக்காது. ஸ்மியர் நெகட்டிவ் என்றால் இல்லை என்றும் ஆகாது.

வெளியில் போகத் தயங்குபவர்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல், பால்வினை நோய்ப் பிரிவு உண்டு. 1097 என்ற எண் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் இலவச உதவி எண், பால்வினைத் தொற்று பற்றியும் அதில் கேட்கலாம்.

வைகைக்கரை

23-வது வாரத்தில் ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். ஒரு கடைசிக் கேள்வி. ஹெச்எஸ்வி-1 எங்கள் இருவருக்கும் உறுதி. அவளுக்கு உதட்டில் கொப்புளமும் வருகிறது. குழந்தை பிறந்த பிறகு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

தாய்சேய்

கவனிக்க வேண்டும், தம்பி. உங்கள் வீட்டில் 1.62-ஐவிட இதற்குத்தான் கவலைப்படலாம். நல்ல வேளையாகத் தடுப்பது சுலபம்.

தாயின் எதிர்ப்பொருள் குழந்தைக்கும் போயிருக்கும், அது ஓரளவு காக்கும். அதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. உதட்டில் கொப்புளம் இருக்கும் நாட்களில், பக்கு முழுக்க உதிரும்வரை, குழந்தையை முத்தமிடக்கூடாது. அம்மாவாக இருந்தாலும் சரி. முகக்கவசம் போட்டுக்கொண்டு, கொப்புளத்தைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தூக்கலாம், பால் கொடுக்கலாம். மார்பில் கொப்புளம் வந்தால் மட்டும் அந்தப் பக்கம் கொடுக்க வேண்டாம், மறுபக்கம் கொடுக்கலாம். புண் படும் இடமாக இருந்தால் அந்தப் பக்கம் பீய்ச்சிய பாலையும் ஊட்டாமல் கொட்டிவிடுங்கள்.

குழந்தை பார்க்க வருபவர்கள்தான் கஷ்டம். பெயர் சூட்டுகிற அன்றைக்கு ஒரு கூட்டமே வரும், எல்லோரும் கன்னத்தில் கொஞ்சுவார்கள். உதட்டில் புண்ணோடு வருபவரிடம் "தூரத்திலிருந்து பாருங்கம்மா, கொஞ்ச நாள் கழித்துக் கொஞ்சிக்கலாம்" என்று சொல்லும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளை பெற்றவள் தலையில் போடாதீர்கள். முதல் ஆறு வாரம் இதில் யாருக்கும் விலக்கு வேண்டாம், பாட்டிக்கும் சேர்த்துத்தான்.

அந்த ஆறு வாரத்துக்குள் குழந்தையின் தோலிலோ கண்ணோரத்திலோ வாயிலோ நீர்க்கொப்புளம் வந்தாலும், கொப்புளமே இல்லாமல் பால் குடிக்காமல் சோர்ந்து துவண்டாலும், காய்ச்சலோ உடம்பு சில்லிடுவதோ வலிப்போ வந்தாலும் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே, பச்சிளம் குழந்தைகள் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஹெர்பிஸாக இருந்தால் ரத்தக்குழாய் வழி அசைக்ளோவிர், கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். தோல், கண், வாயோடு நின்றால் 14 நாள், மூளைக்கோ உடம்பு முழுக்கவோ பரவியிருந்தால் 21 நாள். சீக்கிரம் ஆரம்பித்தால் பலன் மிக அதிகம். வீட்டில் யாருக்காவது சமீபத்தில் உதட்டில் கொப்புளம் இருந்திருந்தால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.